இல்லாத வாய்க்கால்

எதிர்க்கரையில் ஜீப் வந்து நின்றதும் அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நடுவில் வாய்க்கால். தண்ணீர் சுழித்து ஓடியது.

அதிகாரி இறங்கினார். கையில் அந்தக் காகிதம்.

எண்ணெய்க் குழாய் போகும் பாதையில் நீர்நிலை எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. ஊராட்சி உறுப்பினர் என்ற முறையில் அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அனுமதி வந்துவிடும். வாய்க்காலை அறுத்துக் குழாய் புதைப்பார்கள். கடைமடையில் அறுபது மா, அதாவது இருபது ஏக்கர் நிலம் காயும். அதில் அவளுடையது மூன்று மா.

குழாய் முதலில் நெடுஞ்சாலை ஓரமாக நேராகத்தான் போவதாக இருந்தது. வழியில் கட்சிக்காரர் ஒருவரின் கல்யாண மண்டபம் வந்தது. வரைபடத்தில் கோடு பணிவாக வளைந்துகொண்டது.

வயலைக் கண்டு எந்தக் கோடு வளைந்தது?

சித்திரையில் வந்து அளந்தார்கள். மேட்டூர் அணை மூடியிருக்கும் மாதம். காய்ந்த வாய்க்காலில் இறங்கி, செருப்பு நனையாமல் ஏறிப் போனார்கள். நீர்நிலை இல்லையாம். ஆடு மேய்க்கிறவரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். யாரையும் கேட்கவில்லை.

இது ஆவணி.

அதிகாரி கரையோரமாக இங்கும் அங்கும் நடந்து பார்த்தார்.

"போன வாரம் இங்க தென்னமரம் ஒண்ணு பாலமா கெடந்துச்சே, எங்கம்மா?"

அது அவள் காலடியில், கோரைப் புல்லுக்குள் கிடந்தது. விடிந்ததும் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்துப் போட்டது. இன்னும் ஈரம் காயவில்லை.

அவள் பேனாவை மட்டும் எடுத்துக் காட்டினாள்.

சுற்றி வந்தால் ஒன்றரை மணி நேரம். கோப்பு மாலைக்குள் மாவட்டத் தலைநகருக்குப் போயாக வேண்டும். அவர் ஷூவைக் கழற்றினார். பேண்ட்டை மடித்துவிட்டார். இறங்கினார்.

முழங்கால்.

தொடை.

இடுப்பு.

காகிதத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"காயிதத்த ஏன் சார் தூக்கிப் புடிக்கிறீங்க?" என்றாள் அவள்.

அதிகாரி அப்படியே நின்றார். தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு கடைமடைக்குப் போனது.