எங்கள் வம்சத்தில் சர்க்கரை இல்லை

“எங்க வம்சத்துல சர்க்கரைங்கிற பேச்சுக்கே இடமில்லை, டாக்டரம்மா. மூணு தலைமுறைக்கு நான் ஜவாப்தாரி.”

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. முப்பத்தாறு வருஷம் பிளாட்பாரத்தில் விறைப்பாக நின்ற முதுகு. சாயச் சொன்னாலும் சாயாது.

எதிரே இருந்த பெண் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா உங்க மகனுக்கு வந்திருக்கே சார்.”

“அதான் புரியலை. முப்பது வயசு. ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை போட்ட மாதிரி உடம்பு. ஓட்டல் சாப்பாட்டுல ஏதாவது கலந்திருப்பான்.”

“ஓட்டல்காரர் மேல பழி போடாதீங்க. உடம்பைக் காவல் காக்கிற எதிர்ப்பு சக்தி, சில பேருக்கு ஆள் அடையாளம் தெரியாம இன்சுலின் சுரக்கிற இடத்தையே அடிச்சுடும். திருடன்னு நெனச்சு வீட்டுக்காரரையே வெளுத்து வாங்கற காவல்காரன் மாதிரி. உங்க மகனுக்கு வந்திருக்கிறது அந்த வகை.”

“அந்தக் காவல்காரனை யார் வேலைக்கு வெச்சது?”

“நீங்களும் உங்க வீட்டம்மாவும்தான். அந்த ஜீன்கள்ல பாதி அப்பாகிட்டேருந்து வரும், பாதி அம்மாகிட்டேருந்து வரும். இன்னொரு வகைச் சர்க்கரை இருக்கு. அது எடை, வயசு, கொலஸ்ட்ரால்னு வேற கூட்டத்தோட வரும், அதுக்கும் குடும்ப வழி உண்டு. உங்க வீட்டுல எது எந்தப் பக்கம் இருக்குன்னு சரியாத் தெரிஞ்சாதான், உங்க பேத்தியை எப்படிக் கவனிச்சுக்கணும்னு நான் சொல்ல முடியும்.”

பேத்தி என்றதும் மாஸ்டரின் முகம் இளகியது. இரண்டு வயது. அவருடைய மீசையைப் பிடித்து இழுத்து ரயில் ஓட்ட உரிமை பெற்ற ஒரே ஜீவன்.

“அதுக்குத்தானே போன செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்தாச்சு. என் கொலஸ்ட்ரால் எவ்வளவு வந்திருக்கு?” கேட்கும்போதே குரலில் பெருமை ததும்பியது.

“நூத்தி நாப்பத்தெட்டு. சர்க்கரை அளவுலயும் அப்பழுக்கு இல்லை. இருபது வயசுப் பையனோட ரத்தம் மாதிரி இருக்கு.”

“நான்தான் சொன்னேனே.” மாஸ்டர் மீசையை நீவிக்கொண்டார். “அப்ப எங்க பக்கம் கணக்குத் தீர்ந்தது. நான் கிளம்பட்டுமா?”

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஒரு சின்னச் சிக்கல் சார். உங்க மகனுக்கும் இந்த ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.”

“என்னது?”

“ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.”

“உங்க மெஷினைப் பழுது பாருங்க.”

“மெஷின் மேல தப்பு இல்லை. இதைக் கேக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. உங்க வீட்டம்மாவைத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கலாமா?”

மாஸ்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி இருந்தது அந்தக் குரல்.

“அவளைப் பத்தி இங்க யாரும் எதுவும் பேசக் கூடாது. அவ குணத்துக்கு முன்னால நானெல்லாம் கால் தூசி.” ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். மூன்று தலைமுறைப் பெருமை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நெடுநேரம் யோசிக்க அதில் ஒன்றுமில்லை. “அந்த ரத்தம் என்னுது இல்லை.”

“பின்னே யாரோடது?”

“காலையில என்கூட நடக்க வர்ற நீச்சல் வாத்தியாரோடது. அறுபது வயசுலயும் அஞ்சு மாடியை ஒரே மூச்சுல ஏறுவார். என் பேரைச் சொல்லிக் கையை நீட்டச் சொன்னேன். கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் மட்டும்தான் பார்ப்பீங்கன்னு நெனச்சேன். அப்பன் யார் பிள்ளை யார்ங்கிற வரைக்கும் போவீங்கன்னு யார் கண்டா.”

“உங்களுக்குச் சர்க்கரை இருக்கா சார்?”

“ஒன்பது வருஷமா. கொலஸ்ட்ரால் கூரையைத் தொட்டுக்கிட்டு நிக்குது. பழைய யூனிபாரம் பைக்குள்ள ஒளிச்சு வெச்சு மாத்திரை முழுங்கறேன். எங்கப்பா ‘நம்ம வம்சத்துக்கு நோயே கிடையாது’ன்னு ஊர் பூரா சொல்லிட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். அந்தப் பேச்சைக் காப்பாத்த நான் படாத பாடு படறேன்.”

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். “நல்லதாப் போச்சு. அப்ப பேத்திக்கு ரெண்டு வழியையும் கவனிக்கணும். பயப்படாதீங்க, வந்தே தீரும்னு எதுவும் இல்லை. முன்கூட்டியே தெரிஞ்சா நாம ஒரு படி முன்னால நிப்போம். இப்ப உங்க சொந்தக் கையை நீட்டுங்க.”

மாஸ்டர் சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். ஒன்பது வருஷ பாரம் இறங்கியதில், ஊசி ஏறியதுகூட அவருக்கு உறைக்கவில்லை. ரத்தம் குழாயில் நிறைவதைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்:

“ஒரே ஒரு உதவி செய்யணும் டாக்டரம்மா. ஜீன் ரிப்போர்ட் பொருந்தலைன்னு வந்தது அவ காதுக்குப் போகக் கூடாது. உடைஞ்சு போயிடுவா.”

டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். “ஜீன் ரிப்போர்ட் வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும் சார். ‘ரத்தம் கொடுத்த அன்னைக்குக் கையில பஞ்சு ஒட்டிக்கிட்டு வந்தது இவர் இல்லை, நீச்சல் வாத்தியார், நேராக் கேட்டா சாதிச்சுடுவார், என் மேல சந்தேகப்படற மாதிரி கேளுங்க, அடுத்த நிமிஷம் உண்மையைக் கொட்டிடுவார்’னு நேத்து வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போனதே உங்க வீட்டம்மாதான்.”