எந்த ஊர் என்று கேட்ட இயந்திரம்

இணையத்தில் மாடு வளர்ப்பவர்கள் எழுதும் யோசனைப்படி தானாகவே தீவனம் அறுத்துப் போடும் அந்த இயந்திரம், வாங்கிய அன்றே இருளாயியிடம் "எந்த ஊர்?" என்று கேட்டது. ஊரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமே என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்று அது இளஞ்சோளத்தை அறுத்துப் போட்டிருந்தது. மழை கொட்டும் மலையில் எவரோ எழுதிய யோசனை. இந்தக் கரிசலில், வெயிலில் குன்றிய சோளக்குருத்து வெறும் நஞ்சு. மூன்று மாடுகளும் நுரை தள்ளி, கட்டுத்தறியை உதைத்து உடைத்து, அவள் கண்ணெதிரே துடிதுடித்துச் செத்தன.

"கொன்னுட்டியேடா, பாவி!"

கடப்பாரையால் ஓங்கி அடித்தாள். தெறித்த கண்ணாடி கன்னத்தைக் கிழித்தது.

"மண்ணுக்கேற்ற தீவனம் போடத்தான் அன்றே கேட்டேன். எந்த ஊர்?" என்றது இயந்திரம்.

"கள்ளிக்குளம்!" இன்னொரு அடி. "காலனித் தெரு!" தெருவே திரண்டு வந்து பார்க்க, ரத்தம் வழிய அடித்தாள். "போதுமாடா? போதுமா?"