கைப்பம்பா, கரண்ட் பம்பா

"கைப்பம்புதான்னு சொல்றேன்ல..."

"சொல்லிக்கிட்டே இருங்க. ஆத்து நடுவுல இன்ஜின் நின்னா முப்பது தடவை அமுக்குறது யாரு, உங்க தாத்தாவா?"

"நான் அமுக்குவேன். கரண்ட் பம்பு ஒரு மழைக்குத் தாங்காது. பேட்டரி செத்துட்டா பதினெட்டுப் பேரை வச்சுக்கிட்டு நான் தண்ணியோட போகணும்."

"சுவிட்சைத் தட்டினா டீசல் தானா ஏறும்னு மெக்கானிக்கே சொல்றாரு."

மெக்கானிக் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நொறுங்கிப்போன ஒரு வேனிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் பட்டறைத் தரையில் கிடந்தது. படகின் பழைய பெட்ரோல் இன்ஜினுக்குப் பதிலாக இனி அதுதான். அதற்கு டீசல் ஏற்றுகிற இரண்டு பம்புகளையும் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் பாட்டுக்கு நின்றார்.

படகுக்காரர் டீ கிளாஸை இடது கையில் வைத்திருந்தார்.

"முப்பது வருஷத்துல ஒரு நாள் என் படகுல கால் வச்சிருக்கியா? அக்கரைக்குப் போகணும்னா பாலத்தைச் சுத்திக்கிட்டுப் போறவ. வாளித் தண்ணியக்கூட எட்டி நின்னு பார்க்கிறவ. உனக்கு எதுக்குடி பம்பு பஞ்சாயத்து?"

மனைவி மேஜையிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். வாங்குகிறவர் தன் கையாலேயே அமுக்கி ஒரு பாட்டில் டீசலை ஏற்றிக் காட்டாமல் கைப்பம்பை மாட்டித் தரமாட்டார். ஒரு குழாயை டீசல் கேனிலும் இன்னொன்றைக் கண்ணாடிப் பாட்டிலிலும் விட்டார்.

"அமுக்குங்கண்ணே."

படகுக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். வலது கட்டைவிரலைப் பம்பின்மேல் வைத்தார்.

நாலு தடவை அமுங்கியது. ஐந்தாவதில் விரல் நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடியும் நழுவியது.

பாட்டிலுக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை.

"எண்ணெய் வழுக்குது."

மெக்கானிக் துணியை எடுத்துப் பம்பைத் துடைத்தார். அது காய்ந்துதான் இருந்தது.

இரண்டு மாதமாகக் காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது அவள்தான். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

படகுக்காரர் கரண்ட் பம்பை ஒரு பார்வை பார்த்தார். "இதை நம்பி நான் ஆள் ஏத்த மாட்டேன்," என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. "படகை நிறுத்திடலாம்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். தையல்காரி. கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல்.

ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினாள். பன்னிரண்டில் குமிழி வந்தது. பதினைந்தில் டீசல் வந்தது. முப்பதில் பாட்டில் நிறைந்து மேஜைமேல் வழிந்தது.

விரலை மெக்கானிக்கின் துணியிலேயே துடைத்தாள். கணவர் பக்கம் திரும்பவில்லை.

"கைப்பம்பே போடுங்க தம்பி. படகுல நான் உட்கார்ற பக்கமா வையுங்க."