இன்னொரு தடவை

"இன்னொரு தடவை" என்றாள் ஆல்பத்தின் தயாரிப்பாளர் மார்லிஸ்.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கார்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்தது வியர்வையையா, வேறு எதையாவதா என்று இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை.

"சரி" என்றான். மறுபடியும் முதலிலிருந்து பாட ஆரம்பித்தான்.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில், பேஸ் கிடார் வாசிக்கும் தியோ பொருமிக்கொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து ஒரே பாட்டு. அந்தம்மா நெஞ்சுக்குள்ள இருக்கிறது இதயமா, டேப் ரெக்கார்டரா?"

டிரம்மர் ஹாலிஸ் டாக்கோ ரொட்டியைக் கடித்தபடி சிரித்தான்.

"நீயாவது வாசிக்கிறே. இந்த ஆல்பத்துல எனக்கு என்ன வேலை தெரியுமா? டிரம் மேல பிரஷ்ஷை வச்சுத் தூசி தட்டுறேன்."

"சிரிக்காதேடா. அவன் குரல் உடைஞ்சுபோச்சு. சனிக்கிழமை லீவுன்னு சொல்லிட்டு, நேத்து திடீர்னு போன் பண்ணி எல்லாரையும் வரச் சொன்னாங்களே, இதுக்குத்தானா?"

போன ஆல்பம் வரைக்கும் கார்வின் வேறு ஆளாக இருந்தான். இயந்திரக் குரல், டிரம்பெட், ஓட்டை டப்பா, நாய் குரைப்பு, கையில் கிடைத்ததையெல்லாம் பாட்டில் போடுவான். தங்க நிற கோட்டு மாட்டிக்கொண்டு மேடையில் தலைகீழாக நிற்பான். லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க அவனோடு சேர்ந்து குதித்தது.

காதலி ஓடெட் அவனை விட்டுப் போனதோடு அதெல்லாம் நின்றது.

"ஒரு கிடார் போதும்" என்று வந்து நின்றான். எழுதியிருந்த பாட்டெல்லாம் அவளைப் பற்றித்தான். ஒன்றிலாவது அவளைத் திட்டியிருந்தால் கேட்பவர்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து நிற்கிறேன் என்று ஒரு பாட்டு. இன்றைக்குக் காலையிலிருந்து அந்தப் பாட்டைத்தான் மார்லிஸ் பிழிந்துகொண்டிருந்தாள்.

மனசு கேட்காமல் தியோ உள்ளே போய், அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

"மூணாவது வரியில மூச்சுச் சத்தம் கேக்குது கார்வின். இன்னொரு தடவை."

பாடினான்.

"இப்ப மூச்சு சரி. உயிரில்லை."

பாடினான்.

"உயிர் ஜாஸ்தியாப் போச்சு."

கார்வின் மெதுவாக எழுந்தான். "ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன், மார்லிஸ்."

"நீ உட்காரு. காபி உள்ளேயே வரும்."

அவன் உட்கார்ந்துவிட்டான். தியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மேஜை வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே, கார் சத்தம் என்ற இடத்துக்கு வந்ததும் கார்வின் குரல் கம்மி நின்றுபோனது. கிடாரின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே கவிழ்ந்துவிட்டான்.

மார்லிஸ் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள்.

"இன்னொரு தடவை."

"போதும்!" தியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அவனைக் கொன்னுடாதீங்க. உங்களுக்கு ஆல்பம் விக்கணும். அதுக்காக ஒருத்தன் புண்ணை நாள் பூரா குத்திக்கிட்டே இருப்பீங்களா?"

அவள் திரும்பவில்லை.

"சொல்லுங்க மார்லிஸ். இத்தனை தடவை பாடினானே, இதுல எதைத்தான் வச்சுக்கப் போறீங்க?"

"காலையில முதல்ல பாடினானே, அதை."

"என்னது?"

"அதுக்கு மேல அந்தப் பாட்டை யாரும் பாட முடியாது தியோ. அது எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்கு இந்தச் சித்திரவதை?"

மார்லிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் குரல் தாழ்ந்தது.

"இன்னிக்குச் சாயங்காலம் மாலிபு கடற்கரையில ஓடெட்டுக்குக் கல்யாணம். அவனுக்குத் தெரியாது. வீட்டுல தனியா இருந்தா யாராவது போன் பண்ணிச் சொல்லிடுவாங்க. உடனே காரை எடுத்துக்கிட்டுப் போய் அங்கே நிப்பான். அவன் போவான்னு உனக்கே தெரியும். அவ நல்ல பொண்ணு தியோ. அவளோட நாளும் கெட்டுப்போகக் கூடாது. இவனும் அத்தனை பேர் முன்னாடி நின்னு அழக் கூடாது. அதான் பிடிச்சு உட்கார வச்சேன். மிருகம்னு நினைச்சா நினைச்சுக்கட்டும்."

 தியோ சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான்.

அப்போது ஸ்பீக்கரில் கார்வின் குரல் கேட்டது.

"மார்லிஸ்... பொத்தான்லேர்ந்து நீங்க விரலை எடுக்கவே இல்லை."

அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலை நிமிர்ந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தாலும் லேசாகச் சிரித்தான்.

"கல்யாண விஷயம் எனக்குத் தெரியும். போன வாரமே ஓடெட் போன் பண்ணி அவ வாயாலயே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமாடா காலையிலேர்ந்து..." என்றாள் மார்லிஸ். அவள் மறுபடி பொத்தானை அழுத்தியிருந்தாள்.

"முதல் தடவையே நல்லா வந்துடுச்சுன்னு எனக்கும் தெரியும் மார்லிஸ். எங்கே இன்னிக்குத் தனியா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களோன்னு பயந்துதான், அதுக்கப்புறம் வேணும்னே தப்புத் தப்பாப் பாடினேன்."