நினைவூட்டல் கடிதம்

மீன் வெட்டும் கத்தி நூலகர் மேகராசாவின் தொண்டையில் அழுந்தியது.

“சிவதர்ஷன் எங்க?”

“தெரியா ஐயா.”

கத்தியோடு வந்தவர் அவருடைய தலையைப் பிடித்து மேசையில் இடித்தார். மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. வாசித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே ஓடினார்கள்.

“போன மாசம் புத்தகம் எடுத்தவன், திருப்பித் தரல்ல எண்டு உன்ட கடிதம் வந்திருக்கு. பெரியகல்லாத்து விலாசமும் சரி. அவன எங்க ஒளிச்சு வெச்சிருக்காய்?”

அடுத்த அடியில் பல் உடைந்தது.

மேகராசா அழுதுவிட்டார். “அவர் வரல்ல ஐயா. அஞ்சு வருஷமா ஆரும் எடுக்காத புத்தகங்களக் கழிச்சுவிடச் சொன்னாங்க. அதுகளக் காப்பாத்தத்தான் பழைய அங்கத்தவர்கள்ட பேர்ல இரவல் எடுத்த மாதிரி நானே எழுதினன். புதுசா வேலைக்கு வந்த பிள்ளை அது தெரியாமக் கடிதம் போட்டுட்டா.”

கத்தி கீழே விழுந்தது.

“பதினெட்டு வருஷத்துக்கு முதல் என்ட மகன வேனில ஏத்திட்டுப் போனாங்க. இண்டைக்கு வரைக்கும் தேடுறம்,” என்றார் வந்தவர். “அவன்ட தாய் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு வெளிய ஆட்டோக்குள்ள இருக்கா. இப்ப சொன்னத அவளிட்டயும் நீயே வந்து சொல்லு.”