தொழில் நடக்கும் இடம்

"எங்க ஊட்டுல ஒருத்தரும் தொழில் பண்றதில்லீங்க. மருமவ சோறாக்குவா, மாட்டுக்குத் தண்ணி காட்டுவா, அவ்வளவுதானுங்க."

ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மாமியார் வள்ளியாத்தாளின் குரல் தனப்பிரியாவின் காதில் விழுந்தது.

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஒரு கையில் மோர் டம்ளர், இன்னொரு கையில் போன்.

ஜி.எஸ்.டி. ஆபீஸிலிருந்து இடத்தைப் பார்க்க வந்தவர். இன்றைக்கே வந்து நிற்பார் என்று அவள் நினைக்கவில்லை.

வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடி, டென்மார்க்கில் இருக்கும் ஒரு கம்பெனிக்குத் திரைச்சீலை டிசைன் வரைந்து அனுப்புவதுதான் தனப்பிரியாவின் பிழைப்பு. வீட்டிலிருந்து செய்தாலும் தொழில் தொழில்தான், சட்டப்படி பதிவு செய்தால்தான் அடுத்த வருட ஒப்பந்தம் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

திருச்செங்கோட்டு ஆடிட்டர் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து, இங்கே தொழில் நடக்கிறது என்று போட்டோ எடுத்துப் போட வேண்டுமாம். வாசலில் பெயர்ப்பலகை இருக்க வேண்டுமாம். அந்தப் பலகையை வாங்கி வரத்தான் அவள் டவுனுக்குப் போயிருந்தாள்.

அதற்குள் மாமியார் காரியத்தைக் கெடுத்து வைத்திருந்தார்.

அதிகாரி தயக்கத்தோடு எழுந்தார். "உங்க பேர்லதான் விண்ணப்பம் வந்திருக்கு. அம்மா இப்படிச் சொல்றாங்க. தொழிலே நடக்கலைன்னு எழுதிட்டா, அப்புறம் சிரமம் உங்களுக்குத்தான்."

"உள்ள வந்து ரூமைப் பாருங்க சார்" என்று அவசரமாக அழைத்துப் போனாள்.

அறையில் கம்ப்யூட்டர் இல்லை. மேசை முழுக்க மிளகாய் பரப்பியிருந்தது. அவளுடைய நாற்காலியில் ஒரு கடலைக்காய் மூட்டை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. காலையில்தான் இங்கே உட்கார்ந்து டென்மார்க் ஜன்னல்களுக்குப் பூ வரைந்தேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாலும் எவரும் நம்பமாட்டார்கள்.

அதிகாரி அடுக்கடுக்காகத் தும்மினார்.

மோர் கொடுத்து அவரை உட்காரவைத்த நேரத்தில்தான் இத்தனையும் நடந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தறி ஓடிய காலத்தில், வரி அதிகாரிகளின் ஜீப் சத்தம் கேட்டாலே பாதிச் சாமான் மாயமாகிவிடும் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அத்தையின் கை அதை இன்னும் மறக்கவில்லை போலும். தனப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"அத்தை, இவரை வரச்சொல்லி எழுதிப்போட்டதே நாந்தான். வரி கட்டறதுக்கு."

வள்ளியாத்தாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். வரிக்காரரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த ஒருத்தியை அவர் இதுவரை கண்டதில்லை.

பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "வரிக்கு மட்டுந்தானுங்களா வந்தீங்க? வேற சோலி ஒண்ணுமில்லீங்களே?"

"வரிக்கு மட்டும்தாம்மா."

அவர் கழுத்து அட்டையில் இருந்த போட்டோவை ஒருமுறை உற்றுப் பார்த்து, ஆளையும் பார்த்துவிட்டுத்தான் வள்ளியாத்தாள் நகர்ந்தார். நேராகப் பின்வாசலுக்குப் போனார். கோழிகள் எல்லாம் வெளியே மேய்ந்துகொண்டிருக்க, அவற்றை அடைக்கும் பெரிய பஞ்சாரம் மட்டும் நட்ட நடுப்பகலில் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கினார். உள்ளே, அவருடைய பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

மிளகாயை வாரி, மூட்டையை இறக்கி, ஒயரைச் சொருகினார்கள். திரையில் பாதி வரைந்த பூ விரிந்தது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார். அவள் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையையும் எடுத்தார். வீடு யார் பேரில் இருக்கிறது, அவர் சம்மதம் வேண்டுமே என்றார்.

"எம்பேர்லதானுங்க. அவ இருக்கற வரைக்கும் நடத்தட்டுங்க" என்று சொல்லி, அதிகாரி காட்டிய இடத்தில் வள்ளியாத்தாள் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளர் மோரையும் குடித்துவிட்டு அதிகாரி கிளம்பினார். தனப்பிரியாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"வரின்னா உங்களுக்கு அவ்வளவு பயமா அத்தை?" என்று கேட்டாள்.

"வரிக்கு ஆரு பயந்தா? குணசீலனோட வக்கீலு அனுப்புன ஆளுன்னு நெனச்சுப்போட்டேன் அம்மிணி. நீ சம்பாரிக்கறதைப் போட்டோ புடிச்சுக் கோர்ட்டுல காட்டி, உனக்கு ஜீவனாம்சமே வேண்டாம்னு பண்ணிப்போட்டா என்ன பண்றது?"

மிளகாய் வாரி எரிந்துகொண்டிருந்த அத்தையின் கையைத் தனப்பிரியா எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னமும் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தக் கல்யாணத்தில் தனக்கென்று மிஞ்சியது இந்த அத்தை ஒருவர்தான், அதுவே தன் பாக்கியம் என்று மனம் நிறைந்து நினைத்தாள்.

இவளை விட்டுவிட்டுப் போய், மூன்று வருடமாக இந்த வாசலை மிதிக்காத குணசீலன், வள்ளியாத்தாள் பெற்ற ஒரே மகன்.