காகம் வராத கூரை

கிளின்ரன் ஏணியில் கால் வைத்ததும், பஸ்ரியாம்பிள்ளை முற்றத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கள்ளனை நின்றுகொண்டுதான் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. முழங்காலும் விடாது.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாவைக் கூப்பிட்டிருந்தார். கூப்பிடாமலே மனைவி சின்னத்தங்கமும் அடுப்பை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள்.

கரம்பொன் ஊரில் நாற்பது வருஷம் ஓட்டு வேலை செய்தவர் பஸ்ரியாம்பிள்ளை. அவர் கூரையில் ஏறினால் முகட்டுப் பல்லி எழும்பி இடம் விடும் என்பார்கள். என்பார்கள் என்றால், அவர் சொல்லுவார்.

முழங்கால் மடங்க மறுத்து மூன்று வருஷம். ஏணியை விட்டாரே தவிரத் தொழிலை விடவில்லை. ஆள் பிடித்து ஏற்றி வேலை முடித்துத் தரலாம் என்று, பெயரும் போன் எண்ணும் எழுதிய பலகையை வாசல் படலையில் தொங்கவிட்டிருந்தார். சட்டைப் பையில் இருந்த போனோ, பெரிய வெள்ளிக்கிழமைக் கோயில் மணி போல வாயே திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான், தொழிலுக்குப் புதிதாக வந்த கிளின்ரன் நோட்டீஸ் ஒட்டினான்: 'மாரிக்கு முன் உங்கள் கூரையை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்.'

இலவசம் என்ற சொல்லை வாசித்த அன்றே பஸ்ரியாம்பிள்ளைக்கு மூக்கு வேர்த்தது.

கிளின்ரன் சும்மா ஏறமாட்டான். போனை நெஞ்சில் கட்டிக்கொண்டு, முகநூலில் நேரலை காட்டிக்கொண்டு ஏறுவான். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற பிள்ளைகள் தாய் வீட்டு ஓட்டை அங்கிருந்தே பார்ப்பார்கள், அங்கிருந்தே பதறுவார்கள், அங்கிருந்தே வேலையைக் கொடுப்பார்கள்.

அதில்கூட பஸ்ரியாம்பிள்ளை குறை சொல்லவில்லை. குறை வேறு.

அவன் ஏறிய வீடெல்லாம் ஓர் ஓடு விலகியிருந்தது. இரண்டு அல்ல. ஒன்று.

"அவனே விலத்திப்போட்டு அவனே படம் பிடிக்கிறான்," என்று ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து அறிவித்தார். "வீட்டுக்கு ஒண்டுதான் விலத்துவான். கூட விலத்தினால் சனம் யோசிக்கும். ஒண்டும் விலத்தாட்டில் சனம் ஆளை மறந்துபோகும். சாதுவா விலத்தினால் வாடைக்காத்து மழைக்கு மட்டும் ஒழுகும்."

"இவ்வளவும் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சின்னத்தங்கம் கேட்டாள்.

"தொழில்," என்றார்.

சபதமும் அங்கேயே நடந்தது. தன் வீட்டுக் கூரை தன் கையால் போட்டது. அதில் ஓடு விலகாது. அங்கேயும் கிளின்ரன் ஒன்றைக் கண்டுபிடித்தால் அவன் கள்ளன். கண்டுபிடிக்காவிட்டால் தன் பலகையைத் தானே கழற்றுவது.

கிளின்ரன் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். இன்று வந்ததும் முதல் வேலையாகப் படலைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "ஐயான்ரை பலகையையும் ஒருக்கால் காட்டிவிடுறன். விளம்பரம்தானே," என்றான்.

அந்தத் தாராளமும் பஸ்ரியாம்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

மேலே காலடி கேட்டது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். இப்போது முன்பக்கம். இப்போது முகடு. இப்போது குசினிப் பக்கம் இறங்குகிறான்.

நின்றுவிட்டான்.

கன நேரம் நின்றான். நின்ற இடம் பஸ்ரியாம்பிள்ளைக்கு என்னவோ செய்தது. ஏன் என்று அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"என்ன தம்பி, ஏதும் ஆப்பிட்டுதோ?"

கிளின்ரன் இறங்கி வந்து கைத்தூசியைத் தட்டினான்.

"ஒண்டும் இல்லை ஐயா. ஒரு ஓடும் அசையேல்லை. இப்பிடி ஒரு கூரையை நான் கரம்பொனிலை காணேல்லை."

பலகை போயிற்று. ஆனால் கூரைக்குப் பெயர். பஸ்ரியாம்பிள்ளை பாதி பெருமைப்பட்டார்.

"ஐயா பழைய ஆள், தெரிஞ்சிருக்கும்," என்று கிளின்ரன் சைக்கிளில் தொங்கிய பையை எடுத்து வந்து முற்றத்தில் கவிழ்த்தான்.

மட்டிச் சிப்பிகள். முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் ஒரு பக்கம் உரசி மழுக்கியவை.

"விலகின ஓட்டுக்குக் கீழை எல்லாம் இது ஒண்டு செருகிக் கிடந்தது. முதல் காகம் கொண்டுவந்து வைச்சதெண்டு நினைச்சனான். பேந்து பாத்தால் எல்லா வீட்டிலையும் குசினிப் பக்கம், முகட்டிலை இருந்து மூண்டாம் வரிசை." தலையைச் சொறிந்தான். "உங்கட வீட்டுக்கு மட்டும்தான் அந்தக் காகம் வரேல்லை."

அவன் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று பஸ்ரியாம்பிள்ளையால் சொல்ல முடியவில்லை.

செபஸ்தியம்மா குனிந்து ஒரு சிப்பியை எடுத்தாள். மாரிக்கு மாரி ஒழுகும் குசினி அவளுடையது. அவர் முழங்கால் மடங்கிய காலத்தில், ஒழுகும்போதெல்லாம் பஸ்ரி அண்ணையைக் கூப்பிடுவாள். அவர் வந்து ஏறிச் சரிப்பண்ணிவிட்டுப் போவார். அடுத்த மாரிக்குத் திரும்பவும் ஒழுகும்.

சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, ஒழுகாத அந்தக் கூரையைப் பார்த்தாள். அண்ணையைப் பார்க்கவில்லை.

"தொழில்," என்றாள் சின்னத்தங்கம், குசினி வாசலில் நின்றபடி.

அப்போதுதான் பஸ்ரியாம்பிள்ளை கிளின்ரனின் நெஞ்சைக் கவனித்தார்.

"தம்பி, உந்தப் போனை நிப்பாட்டும்."

"ஐயோ, மறந்துபோனன் ஐயா," என்று கிளின்ரன் ஆறுதலாகப் போனைக் கழற்றினான்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு பஸ்ரியாம்பிள்ளையின் சட்டைப் பை அடித்தது. எடுத்துப் பார்த்தார். கனடா எண்.

கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அது ஓய்ந்ததும் பிரான்ஸ் அடித்தது.